ஏலத்தில் போன சுத்தியல்

1974-ஆம் ஆண்டு எங்கள் மூத்த மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பிள்ளைக்கு ஓயாத சளி. விடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் கண்ணயர்வாள். அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், கம்பிச்சடக்குக்கு, அதாவது ரயில்பாதைக்கு, முதுகைக் காட்டி நின்ற ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். ரயில் ஓடுகிற சத்தம் பிள்ளைக்குப் பழகிவிட்டது. ஆனால் காலை ஏழு மணிக்கு ஒருவர் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். டணார் என்று ஒரு அடி விழும், பிள்ளை வீரிட்டுக்கொண்டு எழுந்துவிடும். ஒருநாள் என் மனைவி பூரணம் பின்வாசலில் நின்று, "என் பிள்ளை அரை மணி நேரம் தூங்கினா உலகத்துக்கே பொறுக்காது லா" என்று யாரையும் பார்க்காமல் சொல்லி அழுதுவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம். வெகுநாள் கழித்து, ரயில்வே வேலையாட்களுக்கு மேற்பார்வையாளரான மண்டோர் அய்யாவு வாய்தவறிச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரும் இருபது தண்டவாள மூட்டுக்கு மட்டும் அந்த மனிதர் சுத்தியலின் தலையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு மெல்லத் தட்டிப் போயிருக்கிறார். சாக்கைச் சுற்றித் தட்டினால் இரும்பின் குரல் சரியாகக் கேட்காது. அதனால் பத்து மணிக்கு, பிள்ளை குளித்து விழித்திருக்கிற நேரமாகப் பார்த்து, வந்த வழியே திரும்பி நடந்துவந்து அந்த இருபது மூட்டையும் மறுபடி சாக்கில்லாமல் தட்டிப் பார்த்திருக்கிறார். இப்படி மூன்று மாதம்! எங்களிடம் மூச்சுவிடவில்லை.

அவர்தான் வேதமாணிக்கம். எங்களுக்கெல்லாம் மாணிக்கண்ணே.

நான் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் கோயில்குட்டியாக இருந்தேன். கோயிலைத் திறந்து மூடுவது, மணி அடிப்பது, சபைப் போதகரான ஐயர் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது என் வேலை. மாணிக்கண்ணேக்கோ பிரிக்பீல்ட்ஸிலிருந்து சாலாக் செலாத்தான் வரைக்கும் நாலு மைல் கம்பிச்சடக்கு. தினமும் அதில் நடந்து, தண்டவாளம் ஒன்றோடொன்று சேரும் மூட்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். நட்டு தளர்ந்திருந்தால் ஒரு முழ நீளத் திருகியை வைத்து முடுக்குவார். கெட்டியான மூட்டு மணி போலப் பேசும், தளர்ந்தது இருமல்காரன் போலப் பேசும் என்பார்.

தட்டும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்து ஒருநாள் கேட்டேன்.

"என்னண்ணே முணுமுணுத்துக்கிட்டே போறீங்க?"

"ஜெபம்தான். வண்டியில வர்றவங்க பேரு எனக்குத் தெரியாதில்ல? அதனால, இந்த மூட்டு பிள்ளைத்தாச்சிக்கு, இந்த மூட்டு படிக்கிற பிள்ளைக்கு, இது களவாணிக்குன்னு சொல்லிக்கிட்டே தட்டுவேன்."

"களவாணிக்குமா?"

"அவனும் டிக்கெட் எடுத்துத்தான ஏறியிருப்பான்."

"எடுக்கலன்னா?"

"அப்ப அவனுக்கு ரெண்டு மூட்டு லா" என்று சிரித்தார்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கு நாள் முழுக்க வேலை விழும். ஆராதனைக்கு வரமுடியாது. சபை மூப்பர் ஒருவருக்கு அது பெரிய குறை. ஒருநாள் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கர்த்தருக்கு வாரத்துல ஒரு நாள் குடுக்க முடியலையா மாணிக்கம்?"

"ஏழு நாளும் அவர் முன்னாலதான் நடக்கிறேன் ஐயா. ஒரு நாளை மட்டும் பிரிச்சுக் குடுன்னா, மத்த ஆறு நாளும் யாருக்கு நடந்தேன்னு அவர் கேப்பாரே."

மூப்பர் மனசுக்குள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

இனி நான் சொல்லப்போகிற நாளில் நடந்த தப்பு முழுக்க என்னுடையது. 1977, அக்டோபர் மாதம். எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை. அவரவர் உழைப்பில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் பக்கத்துக் கூடத்தில் ஏலத்துக்குப் போகும். பூசணி, வாழைத்தார், கோழி, கேக் எல்லாம் வரும். ஆனால் சபையே காத்திருப்பது முடிச்சு ஏலத்துக்குத்தான். துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுப் படைத்த பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே ஏலம் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதற்குக் குதிப்பார்கள்.

அன்று மாணிக்கண்ணே காலை நடையை முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு வந்தார். கையில் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் கட்டிய நீளமான பொட்டலம். அதைப் பீடத்தின் படியில் வைத்து முழங்கால் போட்டார். ஐயரிடம் மட்டும், "ஜெபிச்சு முடிச்சதும் நானே எடுத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லியிருக்கிறார். அது என் காதில் விழவில்லை; ஏலம் நடந்தபோது ஐயரும் கூடத்தில் இல்லை.

ஆராதனை முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் கல்லைக் கொட்டுகிற மாதிரி இரைச்சல். விருந்துக்குச் சோற்று அண்டாவை இறக்க ஆள் வேண்டும் என்று பெண்கள் கூப்பிட, மாணிக்கண்ணே பின்கட்டுக்கு ஓடினார். நான் வருஷாவருஷம் செய்கிறபடி பீடத்தில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போய்க் கூடத்தில் அடுக்கினேன். வெள்ளைப் பொட்டலத்தையும்தான். அம்மாடி, என்ன கனம்!

"இந்தா முடிச்சு!" என்று பொருளாளர் அதைத் தூக்கிக் காட்டினார். கூடமே எழுந்து நின்றுவிட்டது.

"அல்வா! கனத்தைப் பாரு, நெய் அல்வாதான்!"

"அல்வா இவ்வளவு நீளத்துக்கா கிண்டுவாங்க? உலக்கை லா!"

"கோயிலுக்கு யாராவது உலக்கையைக் கொண்டாருவாங்களா? குத்துவிளக்கு!"

ஏலத்துக்கு வந்தவர்களில் பீர் முகம்மது நானாவும் ஒருவர். முன்பு பிரிக்பீல்ட்ஸில் தேநீர்க்கடை வைத்திருந்தவர், பிறகு கிள்ளானில் சாப்பாட்டுக்கடை போட்டுப் போய்விட்டார். ஆனாலும் வருஷம் தவறாமல் வேனைக் கொண்டுவந்து எங்கள் பூசணியையும் வாழைத்தாரையும் ஏலத்தில் எடுப்பார். அன்று அவருக்கும் வேகம் வந்துவிட்டது. மூப்பர் கேட்கக் கேட்க, நானா அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போனார். "மூப்பரே, உங்களுக்கு அல்வா ஆகாது, சீனி இருக்கு! விட்டுக்குடுங்க!" என்று அவர் கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் முடிச்சு நானாவுக்கே விழுந்தது. எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மழை கூடுவதற்குள் கடைக்குப் போக வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

பந்தி போட இலை எடுக்கிறோம், மண்டோர் அய்யாவு சொட்டச் சொட்ட வந்து வாசலில் நிற்கிறார்.

"மாணிக்கம்! தண்ணி கல்லையெல்லாம் அரிச்சுக்கிட்டுப் போகுது. ரெண்டு பத்துக்குச் சிரம்பான் வண்டி வரும். அதுக்குள்ள மறுநடை நடக்கணும். நான் கிள்ளான் பக்கம் போறேன், நீ சாலாக் பக்கம் போ!"

மாணிக்கண்ணே கையைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"ஆசீரு, பீடத்துப் படியில ஒரு பொட்டலம் வச்சேனே?"

நான் இலைக்கட்டைக் கீழே வைத்தேன். "வெள்ளைத் துணி கட்டினதாண்ணே? அதுல... அதுல என்ன இருந்துச்சு?"

"என் சுத்தியலும் திருகியும்."

முடிச்சு ஏலத்தில் அதை நானா எடுத்துப்போனதை நான் சொன்னதும் அய்யாவு தலையில் கை வைத்துக்கொண்டார். "ரயில்வே நம்பர் குத்தின சாமான்டா! அதைப் போயா வித்தீங்க? கொட்டகையில வேற எடுக்கலாம்னா சாவி இன்ஸ்பெக்டர்கிட்ட. அவரு ஜெஞ்சாரோம்ல கல்யாணத்துக்குப் போயிட்டாரு. மாணிக்கம், உன் வேலை போச்சு!"

அந்த அளவுத் திருகி எந்தக் கடையிலும் கிடைக்காது. ரயில்வே சாமானைத் தொலைத்தவனுக்கு அன்றைக்கே வீட்டுக்குப் போகும் சீட்டுதான். வேலை போனால் ரயில்வே வீடும் போகும். மாணிக்கண்ணேக்கு அப்போது நாலு பிள்ளைகள். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவரோ சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மழைக்கோட்டை எடுத்தார்.

"கண்ணு இருக்கு, கை இருக்கு, சிவப்புக் கொடி இருக்கு. நான் நடக்கிறேன். நீ நானாவைப் பிடி ஆசீரு. போ, நிக்காத!"

நான் மூப்பரின் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவரே சாவியை நீட்டினார். கிள்ளானுக்குப் போகும் பெடரல் சாலையில் அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. லோரி ஒன்று கடந்து போனால் ஒரு குளத்தையே என்மேல் கொட்டிவிட்டுப் போகும். "ஆண்டவரே, தப்பு என்னுது, அவர் தலையில விழ விடாதீங்க" என்று கத்திக்கொண்டேதான் ஓட்டினேன். அந்த இரைச்சலில் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்!

கிள்ளானில் கடைக்குள் ஓடினேன். கல்லாவில் நானாவின் மனைவி மைமூன்.

"நானா எங்கக்கா? அந்தப் பொட்டலம் எங்க?"

"அட, நீங்க இங்க வந்துட்டீங்களா! அவரு வந்ததும் அதத்தான் பிரிச்சாரு. நம்பரைப் பார்த்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'இது யாரோட வேலைச் சாமானோ, அந்த மனுசன் தவிச்சுக்கிட்டிருப்பானே'ன்னு அப்பவே வேனைத் திருப்பிட்டாரு. நீங்க எதிர்ல பார்க்கலையா?"

அந்த மழையில் எதிரே வருவது வேனா, யானையா என்று யார் பார்த்தது? அவர் நீட்டிய தேநீரை நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பப் பறந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் பூரணம் கோயில் வாசலுக்கு வெளியே குடையோடு நின்றாள். என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டினாள்.

"வழியில வெள்ளமாம், நானா இப்பதான் வந்தாரு! மாணிக்கண்ணே இந்நேரம் சாலாக் பக்கம் போயிருப்பாருன்னு நான்தான் சொன்னேன். வேனை அங்க ஓட்டிட்டாரு. நீங்களும் போங்க, போங்க!"

சாலாக் செலாத்தானில் கம்பிச்சடக்கு ஓரமாக வேன் நின்றது. கதவைக்கூட மூடவில்லை. மோட்டார் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஏறினால், தூரத்தில் ஒரு காட்சி. கைலியை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் சுத்தியல், கையில் திருகியோடு பீர் முகம்மது நானா தண்டவாளக் கட்டைமேல் கட்டையாகத் தாவி ஓடிக்கொண்டிருக்கிறார்! நான் ஓடிப்போய்ச் சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

"தம்பி, எனக்கு அம்பத்தெட்டு வயசு" என்றார் மூச்சு வாங்கியபடி. "அல்வான்னு நெனச்சுக் கேட்டேன் பாரு, எனக்கு வேணும்!"

வளைவு தாண்டியதும் மாணிக்கண்ணே தெரிந்தார். ஒரு மூட்டின் பக்கத்தில் முழங்கால் போட்டுத் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கல் அரித்துப்போய்க் கட்டை இறங்கியிருந்தது. நாலு நட்டில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது, மற்ற மூன்றும் ஆடிக்கொண்டிருந்தன. வண்டி வரும் பக்கம் வெகுதூரம் போய்ச் சிவப்புக் கொடியை நட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்!

"கிடைச்சிருச்சு!" என்று விழுந்த நட்டைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் கொண்டுவந்ததைச் சொல்கிறாரா, நட்டைச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. திருகி கைக்கு வந்த மறுநொடி வேலையில் இறங்கிவிட்டார். நானும் நானாவும் கல்லைக் கையால் அள்ளி அள்ளிக் கட்டைக்கு அடியில் திணித்தோம். முதல் நட்டு முடுக்கியாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று.

நானா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாணிக்கம், ரெண்டு அஞ்சு ஆச்சு. ஓடிப்போய்க் கொடியைப் பிடுங்கிருங்க. வண்டி நின்னா ரிப்போர்ட் எழுதுவான். சாமான் எங்க போச்சுன்னு கேப்பான். உங்க வேலை போயிரும். ரெண்டு நட்டு போதும், தாங்கும்!"

"தாங்கும்தான்" என்றார் மாணிக்கண்ணே, கையை நிறுத்தாமல். "ஆனா இன்னும் ரெண்டு இருக்கே நானா."

"உங்க பிள்ளைகளை நெனைச்சுப் பாருங்க!"

"வண்டியில வர்றதும் யாரோட பிள்ளைகளோ."

நான் நானாவைப் பார்த்தேன். நானா குனிந்து கல்லை அள்ளத் தொடங்கினார். மூன்றாவது நட்டில் திருகி இருக்கும்போதே ஊதல் சத்தம் கேட்டது. ஒரு நீள ஊதல், பிறகு இரும்பு கிறீச்சிடும் சத்தம். கொடியைப் பார்த்து வண்டி நின்றுவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாணிக்கண்ணே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாவது நட்டையும் முடுக்கினார். எழுந்து, சுத்தியலை எடுத்து ஒரு அடி அடித்தார். அந்த ஈரத்திலும் அது மணி போலப் பேசியது! இன்னொரு அடி அடித்துக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகுதான் மழைக்கோட்டுக்குள்ளிருந்து பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

வண்டி ஊர்ந்து ஊர்ந்து அந்த மூட்டைத் தாண்டியது. மலாய்க்கார ஓட்டுநர் தலையை நீட்டி என்ன விஷயம் என்று கத்தினார். ஜன்னலெல்லாம் தலைகள். ஒரு சீன அம்மா எங்கள் மூவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்துச் சிரித்தார். சேற்றில் புரண்ட எருமைகள் மாதிரி இருந்திருப்போம். கடைசிப் பெட்டி தாண்டியதும் நானா, "அல்லாவே!" என்று கத்திக்கொண்டு தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான், "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். மாணிக்கண்ணே மட்டும், "எந்திரிங்க, இன்னும் அரை மைல் பாக்கி இருக்கு" என்றார்.

வண்டி பதினோரு நிமிஷம் தாமதம். ரிப்போர்ட் போனது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வீரசிங்கம் ஐயா கூப்பிட்டுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, கண்டிப்புக்குப் பேர்போனவர். தப்பு என்னுடையது என்று சொல்ல நானும் போனேன். நானா கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தார். மாணிக்கண்ணே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"என்ன காணும் இது?" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்கட ஆக்கள் சரஸ்வதி பூசைக்கு ஆயுதத்தை வைச்சுக் கும்பிட்டிட்டு, அடுத்த நாள் எடுத்துக்கொண்டு போகினம். நீங்கள் என்னெண்டால் வைச்ச கையோட வித்துப்போட்டியள்!"

எனக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

"உமக்கு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னது ஆர்?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. மத்தவங்க விளைஞ்சதைக் கொண்டாந்தாங்க. எனக்குத் தோட்டமில்ல, துரவில்ல. நான் சுத்தியலைக் கும்பிடலைங்க. வருஷம் பூரா இதை வச்சுச் செஞ்ச வேலையை கர்த்தர்கிட்டக் காட்டினேன். அவருக்குச் செஞ்சது நல்லா இருக்கான்னு அவர்தான பார்க்கணும்?"

இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்த ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார். காலையில் அவரே டிராலியில் போய் அந்த மூட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்று பிறகு அய்யாவு சொன்னார்.

"கொடியைப் பிடுங்கியிருந்தா எனக்கு இது ஒண்டும் தெரியவந்திராது" என்றார் கடைசியில். "ஏன் பிடுங்கேல்லை?"

"வேலை முடியலைங்க ஐயா."

அவர் பேனாவை எடுத்தார். சாமானை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். அவ்வளவுதான்! வெளியே வந்ததும் நானா மாணிக்கண்ணேயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரைக்குமேல் தூக்கிவிட்டார். அன்று மத்தியானம் மாணிக்கண்ணே வழக்கம்போல நடைக்குப் போனார். என் வீட்டுப் பின்வாசலில் நின்று அவர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அடுத்த அறுப்புப் பண்டிகைக்கும் சுத்தியல் வந்தது. இன்ஸ்பெக்டரின் அனுமதிச் சீட்டைக் கைப்பிடியில் நூலால் கட்டி, துணி கட்டாமல் வந்தது. அதைப் பார்த்து மருத்துவமனையில் துணி வெளுக்கும் ராஜம்மா தன் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூப்பர் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவர். தயங்கித் தயங்கி, வேலையில் முகவரி பார்க்கிற தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகம் தெரியாமல் தவித்தார். நான் அன்று பீடத்திலிருந்து ஒன்றையும் கேட்காமல் எடுக்கவில்லை.

மாணிக்கண்ணே 1986-இல் ஓய்வுபெற்று, ஜெஞ்சாரோமில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். அங்கும் சும்மா இருக்கவில்லை. செம்பனைத் தோட்டத்துச் சின்னச் சபைக்குக் கதவுக் கீல் மாட்டினார், கிணற்றுக் கயிறு மாற்றினார். 1992-இல் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கினாலும் பேச்சு குறையவில்லை. புதுசாகக் கட்டின எங்கள் கோயிலைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். மின்விசிறி எத்தனை, தரை என்ன கல், புதுப் பெஞ்சுகள் எப்படி என்று கேட்டார். எல்லாம் பளபளவென்று வைத்திருக்கிறேன் என்று நானும் பெருமையாகச் சொன்னேன். சேர்ந்து ஜெபித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

"ஆசீரு" என்று கூப்பிட்டார். திரும்பினேன்.

"பெஞ்சுக்கு அடியிலயும் கூட்டுறியா? நிக்கிறவங்களுக்கு அது தெரியாதுடா. முழங்கால் போடுறவங்களுக்குத்தான் தெரியும்."